ஒரு பதிவில் பல மதிப்புகள்: பயிர் விவரங்களைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் முறை

வயலிலும் பள்ளியிலும் நாள்தோறும் சேகரிக்கப்படும் விவரங்களில் பெரும்பகுதி இன்று கணிப்பொறியில் சேர்த்து வைக்கப்படுகிறது. ஒரு விவரம் எவ்வளவு திருத்தமாகச் சேகரிக்கப்பட்டிருப்பினும், அது பதியப்பட்ட முறை பிழையானதாயின், வேண்டும்போது கைக்குக் கிட்டாது. அத்தகைய பிழைகளுள் அடிக்கடி காணப்படுவது, பல மதிப்புகளை ஒரே கட்டத்திற்குள் அடைத்து எழுதுதல் ஆகும். ஒரு சாகுபடியாளர் பல பயிர்களை விளைவிக்கிறார். ஒரு மாணவர் பல மொழிகளை அறிந்திருக்கிறார். ஒரு குழந்தைக்குப் பல தடுப்பூசிகள் போடப்படுகின்றன. இவ்வாறு ஒரு பதிவிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் உரியனவாக இருக்கும்போது, அவற்றைத் தரவுத்தளத்தில் எங்ஙனம் சேமித்தல் வேண்டும் என்பதே இப்பாடத்தின் பொருளாகும். பயிர் விவரங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு அது இங்கு விளக்கப்படுகிறது.

விவரம் அவசரமாகத் தேவைப்படும் வேளை

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமான பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது படைப்புழு. இது 2016-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலும், 2018-ஆம் ஆண்டில் இந்தியாவிலும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் முதலில் காணப்பட்ட இடம் கர்நாடக மாநிலத்து மக்காச்சோள வயல்களாகும். இப்புழு பலவகைப் பயிர்களை உண்ணுமெனினும் பெரிதும் தாக்குவது மக்காச்சோளத்தையே. இதன் தாய் அந்துப்பூச்சி வெகு தொலைவு பறக்கும் ஆற்றலுடையது. முட்டைகள் சில நாள்களில் பொரிந்துவிடும். புழு வளர்ந்தபின் பயிரின் குருத்துக்குள் புகுந்து மறைந்துகொள்வதால், அதனை இளம் பருவத்திலேயே கண்டு அடக்குதல் எளிது, பிந்தினால் கடினம்.

இத்தகைய பூச்சி ஒரு வட்டாரத்தில் காணப்பட்டது என்ற செய்தி வந்தவுடன், களப்பணியாளர் முன் எழும் முதல் வினா, “இவ்வட்டாரத்தில் மக்காச்சோளம் பயிரிட்டிருப்போர் எவர் எவர்? எவ்வளவு பரப்பில்?” என்பதாகும். விவரம் முன்னரே சேகரிக்கப்பட்டிருக்கலாம். வட இந்திய மாநிலங்களில் கிர்தாவரி என்றும் தமிழ்நாட்டில் அடங்கல் என்றும் வழங்கும் பயிர்க் கணக்குகள் நெடுங்காலமாக எழுதப்பட்டு வருகின்றன. ஆயினும், கணிப்பொறியில் ஏற்றப்பட்ட கணக்கிலிருந்து அவ்வினாவிற்குச் சில நிமிடங்களில் சரியான விடை கிடைக்குமா என்பது, பயிர்கள் எவ்வாறு பதியப்பட்டன என்பதைப் பொறுத்தே அமையும். பட்டியலில் விடுபட்ட ஒருவரது வயலுக்கு எச்சரிக்கை போய்ச் சேராது.

அட்டவணையின் அமைப்பு

உறவுநிலைத் தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. ஒவ்வோர் அட்டவணையிலும் இடமிருந்து வலமாகச் செல்வது வரி; மேலிருந்து கீழாகச் செல்வது கலம். ஒரு வரி ஒரு பதிவைக் குறிக்கும். ஒரு கலம் ஒரு வகைப் பண்பைக் குறிக்கும். வரியும் கலமும் சந்திக்கும் இடம் கட்டம் எனப்படும். ஒரு பதிவை மற்றப் பதிவுகளினின்று ஐயமறப் பிரித்துக் காட்டும் கலத்திற்கு முதன்மைத் திறவுகோல் என்பது பெயர். சாகுபடியாளர் எண் அத்தகையது. ஒரே ஊரில் ஒரே பெயருடையார் இருவர் இருத்தல் கூடும். ஒரே எண்ணுடையார் இருவர் இருத்தல் கூடாது.

முதல் முறை: ஒரே கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதுதல்

தாளில் எழுதிப் பழகியோருக்கு இயல்பாகத் தோன்றும் முறை இது. ‘பயிர்கள்’ என ஒரு கலத்தை அமைத்து, காற்புள்ளியிட்டுப் பிரித்து எழுதிவிடுகின்றனர். விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட பின்வரும் நான்கு பதிவுகளைக் காண்க.

சாகுபடியாளர் 101 — நெல், மக்காச்சோளம்
சாகுபடியாளர் 102 — சோளம், உளுந்து
சாகுபடியாளர் 103 — மக்காச் சோளம், நிலக்கடலை, எள்
சாகுபடியாளர் 104 — மக்காசோளம்

படிக்கும் மனிதருக்கு இதில் யாதொரு குழப்பமும் இல்லை. 101, 103, 104 ஆகிய மூவரும் மக்காச்சோளம் பயிரிட்டவர்கள் என்பது பார்த்த அளவிலேயே புலனாகிறது. கணிப்பொறியோ பொருளை அறிவதில்லை; எழுத்துகளை மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கிறது. ‘மக்காச்சோளம்’ என்ற எழுத்துத் தொடர் எங்கெங்கு உள்ளது எனத் தேடினால் 101 மட்டுமே கிடைக்கும். இடைவெளி விட்டு எழுதிய 103-உம், ஒற்றெழுத்து விடுபட்ட 104-உம் தப்பிவிடும். தேடலைத் தளர்த்தி ‘சோளம்’ எனத் தேடினால் நால்வரும் கிடைப்பர். சோளம் மட்டுமே விதைத்த 102-உம் அவர்களோடு வந்து சேர்வார்.

இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கன்னடத்தில் சோளம் ‘ஜோள’ எனவும் மக்காச்சோளம் ‘மெக்கெ ஜோள’ எனவும் வழங்கும். தெலுங்கில் முறையே ‘ஜொன்ன’, ‘மொக்கஜொன்ன’ என்பர். ஒரு பயிரின் பெயருக்குள் மற்றொரு பயிரின் பெயர் அடங்கியிருத்தல் நம் மொழிகளில் பெருவழக்கு. ‘கடலை’ என்று தேடினால் நிலக்கடலையும் கொண்டைக்கடலையும் ஒருங்கே வரும்.

இம்முறையின் குறைகள் தேடலோடு நிற்பதில்லை.

முதலாவதாக, பயிருக்கு உரிய பரப்பை எழுத இடமில்லை. பரப்பிற்கெனத் தனிக் கலம் அமைத்து அதிலும் ‘0.8, 0.4’ எனக் காற்புள்ளியிட்டு எழுதினால், எந்த எண் எந்தப் பயிருக்கு உரியது என்பது எழுதிய வரிசையை மட்டுமே நம்பியிருக்கும். ஒரு கலத்தில் ஒரு பெயரை நீக்கி, மற்றதில் அதற்குரிய எண்ணை நீக்க மறந்தால், எஞ்சியவை அனைத்தும் இடம் மாறிப்போகும். அவ்வாறு மாறிப்போனதற்கு அடையாளம் எதுவும் அதில் இராது.

இரண்டாவதாக, எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் எடுத்தல் அரிதாகும். கட்டத்தினுள் எத்தனை பயிர்கள் உள்ளன என்பதை அறியவே அதனை முதலில் துண்டு துண்டாகப் பிரித்தாக வேண்டும்.

மூன்றாவதாக, பிழையான பெயரைத் தடுக்க வழியில்லை. கட்டத்தில் எதை எழுதினாலும் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாம் முறை: பல கலங்களை ஒதுக்குதல்

மேற்கூறிய குறைகளைக் கண்டவர்கள், ‘பயிர் 1’, ‘பயிர் 2’, ‘பயிர் 3’ என மூன்று கலங்களை அமைப்பதுண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் இப்பொழுது ஒரே மதிப்புதான் இருக்கும். எனவே இது திருந்திய முறை போலத் தோன்றும். ஆயினும் நான்காவது பயிரை ஊடுபயிராக விதைத்தவர் வந்தவுடன் இவ்வமைப்பு முறிந்துவிடுகிறது. அவரது நான்காம் பயிர் பதியப்படாமலே போகும். அல்லது அவர் ஒருவர் பொருட்டு அட்டவணையில் புதிய கலம் சேர்க்க நேரும். ஒரே பயிரை விதைத்தவரின் பதிவிலோ இரண்டு கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். மக்காச்சோளத்தைத் தேடுவோர் மூன்று கலங்களிலும் தனித்தனியே தேட வேண்டும். அவற்றுள் ஒன்றை மறந்தால் விடை குறைபட்டுப் போகும். குறைபட்டது என்பதும் தெரியாது.

கலங்களின் எண்ணிக்கையை முன்னரே வரையறுப்பது எப்பொழுதும் தவறு என்பதில்லை. 2011-ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழியைத் தவிர ஒருவர் அறிந்த பிற மொழிகளுள் இரண்டு வரை, தேர்ச்சியின் வரிசையில் குறிக்கப்பட்டன. கோடிக்கணக்கான மக்களை வீடுதோறும் சென்று எண்ணும் பணியில், வினாவை இங்ஙனம் எல்லைக்குட்படுத்துதல் தேவையாகிறது. இதற்கென ஒரு விலையும் உண்டு. தாய்மொழிக்கு மேல் மூன்று மொழிகள் அறிந்தவரது மூன்றாவது மொழி அக்கணக்கில் இடம்பெறாது. எல்லையை அறிந்து, ஆராய்ந்து வகுத்துக்கொள்ளுதல் வேறு. படிவத்தில் இடமில்லாமையால் விவரத்தை இழந்துவிடுதல் வேறு.

மூன்றாம் முறை: மதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி

உறவுநிலைத் தரவுத்தளத்திற்கு உரிய முறை, பல மதிப்புகளை அகலத்தில் பரப்பாமல் நீளத்தில் அடுக்குவதாகும். இதற்கு மூன்று அட்டவணைகள் தேவை.

முதல் அட்டவணை சாகுபடியாளருடையது. அவரது எண், பெயர், ஊர் ஆகியன ஒரே ஒரு முறை இதில் எழுதப்படும்.

இரண்டாம் அட்டவணை பயிர்களுடையது. பயிர் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் தரப்படும்: 1 நெல், 2 சோளம், 3 மக்காச்சோளம், 4 உளுந்து, 5 நிலக்கடலை, 6 எள்.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைக்கும் சாகுபடி அட்டவணை. அதில் சாகுபடியாளர் எண், பயிர் எண், ஹெக்டேரில் பரப்பு ஆகிய கலங்கள் இருக்கும். முன்னர்க் கண்ட நான்கு பதிவுகளுக்குப் பரப்பையும் சேர்த்து எழுதினால் அது பின்வருமாறு அமையும்.

101 — 1 — 0.8
101 — 3 — 0.4
102 — 2 — 0.6
102 — 4 — 0.2
103 — 3 — 0.5
103 — 5 — 0.3
103 — 6 — 0.2
104 — 3 — 1.0

சாகுபடி அட்டவணையில் உள்ள சாகுபடியாளர் எண், முதல் அட்டவணையைச் சுட்டுகிறது. பயிர் எண் இரண்டாம் அட்டவணையைச் சுட்டுகிறது. இவ்வாறு பிறிதோர் அட்டவணையின் திறவுகோலைச் சுட்டும் கலம் அயல் திறவுகோல் எனப்படும். பயிர் அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணைச் சாகுபடி அட்டவணையில் எழுத முற்பட்டால், தரவுத்தளமே அதனை மறுத்துவிடுமாறு செய்யலாம். எழுத்துப் பிழைக்கு இடமே இல்லாது போகிறது.

இப்பொழுது முதலில் எழுந்த வினாவிற்குத் திரும்பலாம். மக்காச்சோளத்தின் எண் 3. சாகுபடி அட்டவணையில் பயிர் எண் 3 உள்ள வரிகளைத் தேர்ந்தால் 101, 103, 104 ஆகிய மூவரும் கிடைக்கின்றனர்; 102 வருவதில்லை. பரப்புகளைக் கூட்டினால் 0.4, 0.5, 1.0 சேர்ந்து 1.9 ஹெக்டேர் ஆகிறது. சாகுபடியாளர் அட்டவணையை இதனோடு இணைத்தால் அவர்தம் பெயரும் ஊரும் உடன் வந்துவிடும். ஒருவர் பத்துப் பயிர்களை விதைத்தாலும் பத்து வரிகள் சேருமேயன்றி, அட்டவணையின் அமைப்பில் மாற்றம் எதுவும் வேண்டியதில்லை.

ஆண்டையும் பருவத்தையும் மேலும் இரு கலங்களாகச் சேர்த்தால், காரிப் பருவத்துப் பயிரையும் ராபி பருவத்துப் பயிரையும் வேறுபடுத்தி அறியலாம். அப்பொழுது சாகுபடியாளர் எண், பயிர் எண், ஆண்டு, பருவம் ஆகிய நான்கும் சேர்ந்து அவ்வட்டவணையின் திறவுகோலாகும். ஒரே பருவத்தில் ஒரே பயிர் தவறுதலாக இருமுறை பதியப்படுவதை அத்திறவுகோல் தடுக்கும். ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலங்கள் இருப்பின், புல எண்ணையும் திறவுகோலோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

வரிகளுக்கு இயல்பாக எவ்வித வரிசையும் இல்லை என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. தரவுத்தளம் அவற்றை எம்முறையிலும் அடுக்கித் தரலாம். மொழித்தேர்ச்சி போன்று வரிசையே ஒரு விவரமாக இருக்குமாயின், ‘முதலாவது’, ‘இரண்டாவது’ என்பதைக் குறிக்கத் தனிக் கலம் அமைத்தல் வேண்டும்.

இக்கருத்தின் தோற்றம்

இங்கிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், 1970-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியிட்ட கட்டுரையில் உறவுநிலை மாதிரியை உலகிற்கு அளித்தார். கணிதத்தில் ‘உறவு’ என வழங்கும் கருத்தே அதற்கு அடிப்படை. அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அலுவலகங்களில் யாவரும் அறிந்ததாகும். ஒரு பணியாளருக்குப் பல குழந்தைகள் இருக்கலாம். அவர் பல பதவிகளை வகித்திருக்கலாம். ஒவ்வொரு பதவியிலும் அவரது ஊதியம் பலமுறை மாறியிருக்கலாம். இவை அனைத்தையும் பணியாளரின் ஒரே பதிவுக்குள் பொதிந்து வையாது, பணியாளர், பணி வரலாறு, ஊதிய வரலாறு, குழந்தைகள் என நான்கு தனி அட்டவணைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒரு கட்டத்தில் ஒரே மதிப்பு என்னும் இவ்விதி, பின்னர் முதல் இயல்பு வடிவம் எனப் பெயர் பெற்றது. கணிப்பொறி இயலின் உயரிய சிறப்பாகக் கருதப்படும் டூரிங் பரிசு 1981-ஆம் ஆண்டில் காட் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

விதிக்கு உட்படாதவையும் விலக்குகளும்

பல கலங்கள் இருப்பதாலேயே ஓர் அட்டவணை பிழையானதென முடிவு செய்தல் கூடாது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு அளவீடுகள் குறிக்கப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம் ஆகிய நான்கும், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் ஆகிய ஐந்தும், கார அமில நிலை, மின்கடத்தும் திறன், கரிமக் கார்பன் ஆகிய மூன்றும் அவை. இவை ஒரு பண்பின் பல மதிப்புகள் அல்ல. பன்னிரு வெவ்வேறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பே உண்டு. ஆதலின் பன்னிரு கலங்கள் அமைத்தல் பொருந்தும். ஆனால் அதே நிலத்தின் மண் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆய்வு செய்யப்படும்போது, அவ்வாய்வு மற்றொரு வரியாக அதன் தேதியோடு பதியப்பட வேண்டும். ‘இரண்டாம் ஆய்வு’ என மேலும் பன்னிரு கலங்கள் சேர்த்தல் தகாது. “இவை வெவ்வேறு பண்புகளா, அன்றி ஒரே பண்பின் பல மதிப்புகளா?” என்று வினவினால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

தரவுத்தள மொழியாகிய எஸ்.க்யூ.எல்.-இன் 1999-ஆம் ஆண்டுத் தரநிர்ணயம், ஒரே கட்டத்தில் மதிப்புகளின் அணி ஒன்றை முறைப்படி சேமிக்கவும் இடமளித்தது. காற்புள்ளியிட்டு எழுதுவதைக் காட்டிலும் இது மேலானது. ஏனெனில் அணியின் உறுப்புகளைத் தரவுத்தளம் தனித்தனியே அறியும். எப்பொழுதும் முழுமையாகவே எடுத்துப் பார்க்கப்படும் விவரத்திற்கு இது ஏற்றது. உள்ளே தேட வேண்டியதும், கூட்ட வேண்டியதும், பரப்பு போன்ற வேறு விவரம் இணைக்க வேண்டியதுமான மதிப்புகளுக்குத் தனி அட்டவணையே தக்கது.

மூன்றாம் முறையில் எழுத்து வேலை பெருகுமென்ற ஐயம் எழலாம். ஒரே எண்ணைப் பல வரிகளில் எழுத நேர்கிறது என்பது உண்மையே. ஆனால் அதனைத் திரும்பத் திரும்ப எழுதுவது கணிப்பொறியேயன்றிப் பணியாளர் அல்லர். பதிவுத் திரையில் சாகுபடியாளரை ஒருமுறை தேர்ந்து, அவர் பெயரின் கீழ்ப் பயிர்களைப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேரும்படி அமைத்தால், காற்புள்ளியிட்டு எழுதுவதைவிட அது எளிதாகவே இருக்கும்.

பழைய பதிவுகளைத் திருத்துதல்

முன்னரே காற்புள்ளியிட்டு எழுதப்பட்ட பதிவுகள் இருப்பின், அவற்றைப் பின்வரும் ஒழுங்கில் மாற்றலாம். முதலில் பழைய கலத்தை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, காற்புள்ளி உள்ள இடங்களில் பிரித்து, கிடைக்கும் பெயர்கள் அனைத்தையும் ஒரு பட்டியலாக்க வேண்டும். பின்னர், ஒவ்வொரு எழுத்து வடிவமும் எந்தப் பயிர் எண்ணுக்கு உரியது என ஓர் ஒப்புமைப் பட்டியல் தயாரிக்க வேண்டும். ‘மக்காச் சோளம்’, ‘மக்காசோளம்’ இரண்டும் 3 என்பதில் ஐயமில்லை. ஆயின் வெறுமனே ‘சோளம்’ என்றோ ‘கடலை’ என்றோ எழுதப்பட்டிருக்குமிடத்து, எழுதியவர் எதனைக் கருதினார் என்பதைக் கணிப்பொறியாலும் மேசையிலிருப்போராலும் முடிவு செய்ய இயலாது. அத்தகைய பதிவுகளைத் தனியே பிரித்து, களத்தில் கேட்டறிந்த பின்னரே எண் தருதல் வேண்டும். ஊகித்து எழுதிய மதிப்பு, பதிந்தபின் உண்மையான மதிப்பைப் போலவே தோற்றமளிக்கும். அதனால் அது வெற்றுக் கட்டத்தினும் தீங்கானது.

வகுப்பறைப் பயிற்சி

ஆசிரியர்கள் இப்பாடத்தைக் கணிப்பொறியின்றியும் கற்பிக்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தாம் பேசும் மொழிகளை ஒரே அட்டையில் எழுதட்டும். அட்டைகளைச் சேர்த்து, குறிப்பிட்ட ஒரு மொழியை அறிந்தோர் எத்தனை பேர் என ஒரு மாணவரை எண்ணச் செய்க. பின்னர், ஒரு மொழிக்கு ஓர் அட்டை வீதம், மாணவர் எண்ணும் மொழியும் மட்டும் குறித்துப் புதிய அட்டைகள் எழுதச் செய்து, அதே வினாவை மீண்டும் கேட்க. இரண்டாம் முறையில் அட்டைகளை மொழிவாரியாக அடுக்கி எண்ணினாலே விடை கிடைத்துவிடும். ‘எழுத’, ‘படிக்க’, ‘பேச’ என்னும் திறன்களைத் தனித்தனியே குறிக்க வேண்டுமாயின், எந்த முறையில் அதற்கு இடமுண்டு என்ற வினாவையும் எழுப்பலாம்.

களப்பணியாளர் செய்யத்தக்கது

புதிய படிவம் ஒன்று கைக்கு வரும்போது, அதன் ஒவ்வொரு கலத்தையும் நோக்கி, “இதற்கு ஒருவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருத்தல் கூடுமா?” என்று வினவுதல் நலம். கூடுமாயின், அக்கலம் தனி அட்டவணையாதல் வேண்டும் என்பதைப் படிவத்தை அமைத்தோருக்குத் தொடக்கத்திலேயே தெரிவிக்க வேண்டும். பதிவுகள் சில நூறாக இருக்கையில் இம்மாற்றம் ஒரு நாள் வேலை. பல இலட்சமாக வளர்ந்த பின்னர் அது பல மாத வேலையாகிவிடும். எழுதும்போது ஒரு காற்புள்ளியால் மிச்சமாவது சில நொடிகள். பூச்சி வந்த நாளில் அதனால் இழக்கப்படுவது, விடுபட்டவரின் வயலில் புழு இளம் பருவத்தில் இருக்கும் அச்சில நாள்களாகும்.